அளத்துப் பிள்ளையும் ‘ஆவியாதல்’ பாடமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது கண்ணைக் கூசவைப்பது வெள்ளை. கட்டம் கட்டமாகப் பாத்திகள், நடுவே ஒற்றையடி அகலத்தில் மண் வரப்புகள், வரப்போரம் கூம்பு கூம்பாகக் குவித்த உப்பு. மழைக்காலம் முடிந்து பாத்தியைச் சீர்செய்து மிதித்து இறுக்கினால், அடுத்த வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை அங்கே வேலை ஓயாது. இந்த உப்பளங்களுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது எக்கியார்குப்பம். மீனவர் ஊர். 2023 மே மாதம் கள்ளச்சாராயச் சாவுகளால் நாளிதழ்களில் அடிபட்ட பெயர். அந்தச் செய்தியோடு மட்டும் நினைவில் தங்கிவிடக் கூடாத ஊர்.

இந்தக் கரையில் வளரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு உப்பு எப்படி உண்டாகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் ஒரே மூச்சில் பதில் வரும்: “தண்ணிய பாத்தில கட்டி வெச்சா வெயில்ல சுண்டி உப்பு பூக்கும்.” நீர், பாத்தி, வெயில், சுண்டுதல், உப்பு என்று காரணமும் விளைவும் வரிசை பிசகாமல் அதில் இருக்கின்றன.

இதே செய்தியைப் பாடநூல் நடையில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “கடல்நீர் ஆழமற்ற பாத்திகளில் தேக்கப்பட்டு, சூரிய வெப்பத்தால் ஆவியாதலுக்கு உட்படுத்தப்படும்போது உப்புப் படிகங்கள் பெறப்படுகின்றன.” மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டி இந்த வரியைப் படித்துவிடலாம். படித்து முடித்ததும், தனக்கு முன்பே தெரிந்த ஒன்றைத்தான் படித்தோம் என்பது அதற்குத் தெரியுமா? தொடக்கப் பள்ளிகளில் வாசிப்புப் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்கள் எதிர்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது.

கூட்டிப் படிப்பதும் புரிந்து படிப்பதும்

1986ஆம் ஆண்டு பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

தமிழ்நாட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் பெருக்கலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு, ஊரகத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம் என்றும், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 4.8 சதவீதம் என்றும் சொன்னது. 2024இல் அளவு மீண்டும் உயர்ந்தது. எண்கள் வெளியாகும்போதெல்லாம் பெரும் சர்ச்சை எழுகிறது. ஆனால் அந்த எண் அளப்பது ஒரு பத்தியை உரக்க, தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்பதைத்தான். படித்தது மனதில் என்னவாக ஆயிற்று என்பது அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறது.

பெருக்கலின் மறுபாதியைக் கண்முன் காட்டிய ஆய்வு ஒன்று 1988இல் அமெரிக்காவில் வெளிவந்தது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைச் சிறு மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும், சொந்த வார்த்தையில் சொல்லவும் கேட்டார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை விழுந்திருந்தும் ஆட்டத்தை நன்றாக அறிந்திருந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத ‘கெட்டிக்கார’ வாசகர்களைவிட நன்றாகச் செய்தார்கள். விஷயம் தெரிந்திருப்பது வாசிப்புக்கு அத்தனை பெரிய துணை.

இந்த ஆய்வின்படி பார்த்தால், உப்பைப் பற்றிய பாடத்தில் அளத்துப் பிள்ளைதான் வகுப்பிலேயே முதலாவதாக வர வேண்டும். விஷயம் அதன் கையில் இருக்கிறது. அப்படியும் மேலே சொன்ன பாடநூல் வரி அதற்கு எட்டாமல் போவது ஏன்?

இன்னொரு தமிழ்

விடை தமிழுக்குள்ளேயே இருக்கிறது. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடைவெளி உண்டு என்பது பழைய செய்தி. எழுதும் தமிழிலும் கதைத் தமிழ் வேறு, தகவல் தமிழ் வேறு என்பதைத்தான் குழந்தைகளுக்கான நூல் எழுதுகிறவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. கதையில் நரி பேசும், காகம் பதில் சொல்லும். உரையாடல் வரும்போது மொழி பேச்சுப் பக்கம் சாய்ந்துவிடும். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று பாட்டி சொன்ன ஒழுங்கு ஏற்கெனவே காதில் இருக்கிறது. தகவல் கட்டுரைக்கு அப்படிப்பட்ட பாட்டி யாரும் இல்லை.

தேக்கப்பட்டு, உட்படுத்தப்படும்போது, பெறப்படுகின்றன. ஒரே வரியில் மூன்று செயப்பாட்டுவினைகள். வீட்டில் யாரும் ‘மீன் என்னால் வாங்கப்பட்டது’ என்று பேசுவதில்லை. எனவே நீரைத் தேக்கியது யார், உப்பைப் பெறுவது யார் என்பது பிள்ளைக்கு மறைந்துவிடுகிறது; தன் அப்பாவும் அத்தையும் செய்யும் வேலை ஆளில்லாத வேலையாகிவிடுகிறது. அடுத்து, ‘ஆவியாதல்’. பிள்ளைக்குத் தெரிந்த ஆவி இட்லிப் பானையைத் திறந்தால் வருவது. அதை விட்டால் பேய். பாத்தியில் புகையும் இல்லை, பேயும் இல்லை. ‘சுண்டுவது’தான் ‘ஆவியாதல்’ என்று யாராவது ஒரு முறை முடிச்சுப் போட்டுக் காட்டினால் போதும். காட்டாவிட்டால் அந்தச் சொல் வெறும் ஒலியாக மனப்பாடமாகும்.

வாக்கியத்தின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். ‘கழிமுகத்திலிருந்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவரப்பட்டுப் பெரிய பாத்தியில் தேக்கிவைக்கப்பட்ட நீர்’ என்று ஒரு பெயருக்கு முன்னால் ஏழு சொற்களை அடுக்க நம் மொழி இடம் தருகிறது. கடைசிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனதில் ஏந்திக்கொண்டே போக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ‘நீர்’ என்ற சொல்லுக்கு வருவதற்குள் கழிமுகத்தை மறந்திருக்கும். இத்துடன் ஏனெனில், ஆகவே, எனினும், முதலிய, ஆகியவை, எனப்படும் போன்ற சொற்கள். தகவலைக் கட்டும் சிமென்ட் இவைதான். தெருவில் இவை கேட்பதே இல்லை.

மூன்றாம் வகுப்பில் இந்தச் சுமை ஒரேயடியாகத் தலையில் இறங்குகிறது. முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்தது, மூன்றாவதில் அறிவியல், சமூக அறிவியல் என்று இரு தனிப் பாடங்களாகிறது. படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் முடிந்து, கற்றுக்கொள்வதற்காகப் படிக்கும் காலம் தொடங்குகிறது என்று ஜீன் சால் என்ற கல்வியறிஞர் சுட்டிய திருப்பம் இதுதான். திருப்பத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எங்குமே குறைவு. நெல் டியூக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்பு நடக்கும் இருபது வகுப்பறைகளை ஓராண்டின் வெவ்வேறு நாள்களில் கவனித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தகவல் நூல்களோடு செலவிட்ட நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 3.6 நிமிடம். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் அதைவிடவும் குறைவு.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

இந்தத் திருப்பத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்யக்கூடிய கருவி பயிற்சி நூல். அது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து அட்டைகளையும் ஏணிப்படிகளையும் எடுத்துக்கொண்டது. பிள்ளை தன் வேகத்தில், தன் அட்டையில் உழைக்கும். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல்களைக் கையில் கொடுத்தது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். ஆசிரியர் ஒன்றாம் வகுப்போடு இருக்கும் அரை மணி நேரம் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியராக இருக்கப்போவது அந்தப் பயிற்சி நூல்தான்.

எக்கியார்குப்பம் இருக்கும் கரைக்கு இதில் தனி இடம் உண்டு. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். பெருந்தொற்றில் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களின் இழப்பை ஈடுகட்ட, மாலை நேரங்களில் தெருவிலும் திண்ணையிலும் பொது மண்டபத்திலும் வகுப்பு. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய்.

அதற்குப் பலன் இருந்ததா என்பதை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்து ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழியிலும் பெரும் பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ படித்த ஒரு பக்கத்து வீட்டு அக்கா, கையில் எளிய பயிற்சித் தாளோடு தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது அழுத்தமான சான்று. அந்த அக்காவிடம் இன்னொன்றும் இருக்கிறது: அளமும் கடலும் அவருக்குத் தெரியும்.

பென்சில் கோடு

பயிற்சி நூலின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி இது. பாடம் முடிந்ததும் ஆசிரியர் ‘முதல் கேள்விக்கு விடை’ என்று சொல்லி, ‘இங்கிருந்து இதுவரை’ என்று வாசிப்பார். நாற்பது பென்சில்கள் அந்த வரியின் தொடக்கத்தில் ஓர் அடைப்புக்குறி, முடிவில் ஓர் அடைப்புக்குறி போடும். பக்கத்தில் ‘1’ என்று எண். அன்றிரவு அந்த வரி அப்படியே வீட்டுப்பாட நோட்டில் ஏறும். மறுநாள் சிவப்பு மையில் ‘சரி’.

இந்த முறையால் எதையும் புரிந்துகொள்ளாமலே முழு மதிப்பெண் வாங்கலாம் என்பதற்குச் சிறு சோதனை. “நொம்பிகள் அந்தியில் சிவுட்டைகளைத் துமக்கும்.” நொம்பிகள் எவற்றைத் துமக்கும்? சிவுட்டைகளை. எப்போது? அந்தியில். எவை துமக்கும்? நொம்பிகள். மூன்று கேள்விக்கும் விடை சரி. நொம்பி என்பது பறவையா, பூச்சியா, பாத்திரமா என்று படித்தவருக்குத் தெரியாது. அப்படி ஒரு பொருளே இல்லை. தமிழின் வேற்றுமை உருபுகள் தெளிவாக ஒட்டிக்கொண்டு வருவதால், உருபைப் பிடித்துக்கொண்டே விடையை எடுத்துவிடலாம். கோடிட்ட இடத்தை நிரப்புவதும் பொருத்துவதும் பெரும்பாலும் இந்தத் தந்திரத்தில் நிறைவேறிவிடுகின்றன. அழகான படங்களோடு அச்சான பயிற்சி நூலும் கேள்விகள் இப்படியே இருந்தால் நகலெழுதும் பயிற்சியாகத்தான் முடியும்.

1980களில் டாஃபி ரஃபேல் என்ற ஆய்வாளர் விடை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு கேள்விகளைப் பிரித்தார். ஒரே வரியில் கிடைப்பது ஒன்று. நாலு வரியைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இன்னொன்று. நூல் சொன்னதையும் தான் அறிந்ததையும் இணைத்தால் மட்டும் கிடைப்பது மூன்றாவது. நூலைப் பார்க்காமலே தன் அனுபவத்திலிருந்து சொல்வது நான்காவது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் அவர் காட்டிய வழி. விடையைத் தேட எங்கே போக வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு பக்கம்

மரக்காணத்துப் பிள்ளைக்கான பயிற்சி நூலில் ஒரு பக்கம் எப்படி இருக்கலாம்? எழுதிப் பார்க்கலாம்.

‘ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். அடர்த்தியை டிகிரிக் கணக்கில் அளப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. 25 டிகிரி வரும்போது உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் மக்னீசிய உப்புகளும் சேரத் தொடங்கும், அவை கசக்கும். ஆகவே அதற்கு முன்பே மீதி நீரை வெளியேற்றிவிடுவார்கள்.’

ஏழே வாக்கியங்கள். மக்னீசியம் புதிய சொல். ‘கசக்கும்’ என்ற தெரிந்த சொல் அதைத் தாங்கிக்கொள்கிறது. ‘அடர்த்தி’ என்பதன் பொருளைத் தனிப் பெட்டியில் எழுதத் தேவையில்லை. ‘சுண்டச் சுண்ட’ என்பது முன்னால் நின்று வழிகாட்டுகிறது. ‘ஆகவே’ ஒரு முறை வருகிறது. அதைச் சுற்றி ஒரு கேள்வி அமைக்கலாம். செயப்பாட்டுவினை ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் இரண்டு வரலாம், அதற்கடுத்த பக்கத்தில் நான்கு. படியேறுவது என்றால் இப்படித்தான்.

இனி கேள்விகள். உப்பு எத்தனை டிகிரியில் படியத் தொடங்கும்? இது வரியிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு நம்பிக்கை வரட்டும். மீதி நீரை வெளியேற்ற மறந்துவிட்டால் உப்பின் ருசி எப்படி மாறும்? இதற்கு மூன்று வரிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். 20 டிகிரி வந்த பாத்தியில் கோடை மழை பெய்தது. டிகிரி கூடுமா, குறையுமா? மழை என்ற சொல்லே பத்தியில் இல்லை. நல்ல நீர் கலந்தால் அடர்த்தி குறையும் என்று பிள்ளை தானாக எட்ட வேண்டும். ஒரு மழைக்குப் பிறகு வீட்டில் பெரியவர்கள் ஏன் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள் என்பதும் அந்த இடத்தில் பிடிபடலாம். கடைசியாக ஒன்று: டிகிரி பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் நீர் பதமாகிவிட்டது என்று எதைப் பார்த்துச் சொன்னார்கள்? இதை வீட்டில் கேட்டு எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு எந்தக் கைடிலும் விடை கிடைக்காது.

கேள்விகளுக்குக் கீழே ஒரு கோடு. ஒரு முனையில் 0, மறுமுனையில் 30. கடல்நீர் எங்கே, உப்பு படிவது எங்கே, கசப்பு எங்கே என்று பிள்ளை குறிக்கும். பத்தியைப் படமாக மாற்ற முடிந்தால் பத்தி புரிந்திருக்கிறது என்று பொருள். ரெக்ட், லெஸ்லி ஆய்வில் பொம்மைகளை நகர்த்தியதும் இதே சோதனைதான்.

ஊரிலிருந்து உலகுக்கு

‘உள்ளூர்ப் பாடம் என்று சொல்லிப் பிள்ளையை உள்ளூரிலேயே கட்டிப்போடுவதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரிந்ததிலிருந்து தொடங்குவதன் நோக்கமே தெரியாததற்குப் போவதுதான். அளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 5,151.6 ஹெக்டேர். அங்கே வந்து இறங்கும் பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்கிறது. உப்புநீரில் வாழும் பாசியும் சிற்றிறாலும் தரும் நிறமிகளால்தான் அதன் இறகு சிவக்கிறது. உப்பிலிருந்து பாசி, பாசியிலிருந்து இறால், இறாலிலிருந்து இறகின் நிறம் என்று காரணச் சங்கிலி நீள்கிறது. அங்கிருந்து வலசைப் பாதை வழியே பாடம் மத்திய ஆசியாவுக்குப் போகலாம். மறுபக்கம், மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் வழியாகவும், சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வது வழியாகவும் வரலாற்றுக்குப் போகலாம்.

இந்தக் கரையில் தகவலைப் படித்துப் புரிந்துகொள்வது உயிரோடும் பிழைப்போடும் சம்பந்தப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது எந்தப் படகுகளுக்கு, நாட்டுப் படகுக்கு உண்டா, ஏன் இந்த மாதங்கள் என்பது ஒரு பக்கப் பாடம். துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்று முதல் பதினொன்று வரை. எண் கூடினால் என்ன பொருள் என்பது ஓர் அட்டவணைப் பாடம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியபோது, வந்த செய்திக் குறிப்புகள் எல்லாம் மேலே சொன்ன தகவல் தமிழில்தான் இருந்தன. ‘கரையைக் கடக்கக்கூடும்’ என்பதற்கும் ‘கடந்துகொண்டிருக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் பயிற்சியாக மட்டும் இருக்க முடியாது.

குழந்தைகளுக்குத் தகவல் தமிழ் எழுதும் மரபு நம்மிடம் இல்லாமலில்லை. பெரியசாமி தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. 1968இல் தொடங்கி 1976இல் முடிந்த பெரும்பணி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்திவருகிறது. பள்ளிக் கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைப் பிள்ளைகளுக்காக வெளியிட்டது. இவை பெரும்பாலும் வாசிப்பில் தேறிய பிள்ளைகளின் கைக்குப் போகும் இதழ்கள். ஆறு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில், எழுத்துக் கூட்டும் பருவத்திலேயே தகவல் தமிழைப் படிப்படியாகக் காதுக்கும் கண்ணுக்கும் பழக்கும் பயிற்சி நூல்கள்தான் போதவில்லை.

அவற்றை எழுத உட்காரும் ஆசிரியர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் மரக்காணத்துக்கும் உப்பு பொது; நீலகிரிக்குத் தேயிலை, திருப்பூருக்குப் பின்னலாடை. மாவட்டத்துக்கு இருபது பக்கம் எழுதிப் பொது நூலோடு சேர்த்துத் தைத்தால் போதும். இருபதாம் பக்கத்தில் அச்சிட்ட பாடம் இருக்கக் கூடாது. மேலே தலைப்புக்கு ஓர் இடம், கீழே கோடுகள், ஓரத்தில் படம் வரைய ஒரு கட்டம். வலை எப்படிப் பின்னுவது, நண்டுக்கு எப்போது ஓடு கழலும், வாடைக்காற்று வந்தால் கடல் எந்த நிறத்துக்கு மாறும் என்று எக்கியார்குப்பத்துப் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒன்றை அங்கே எழுதும். எழுதி முடித்து, அதைப் படிக்கிறவர்களுக்கு மூன்று கேள்வியும் அதுவே வைக்கும். அதில் ஒன்றாவது பென்சில் அடைப்புக்குறிக்குள் அகப்படாத கேள்வியாக இருக்க வேண்டும்.